மோட்டாருக்கு ஏது கை?

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அரிசி டின்னுக்குள் கைவிட்டு ஜீப் சாவியை எடுத்தேன். போன வாரம் வரை சாமி படத்துக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். அங்கேயும் தேட ஆரம்பித்துவிட்டார். மாவு ஒட்டியிருந்த சாவியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் பால் காய்ச்சினேன்.

இவர் எழுந்து வந்து ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். தலையில் அடிபட்ட பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

"ஏம்புள்ள, சாவி எங்க?"

"எங்கண்ணன் எடுத்துட்டுப் போயிட்டாருங்க."

"வண்டி இங்க நிக்குது. சாவிய மட்டும் வெச்சுட்டு என்ன பண்றான் உங்கண்ணன், காது கொடையறானா?"

சிரித்துவிட்டேன். பழைய சென்னியப்பன் இப்படித்தான் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். அடுத்த நிமிடம் காபி டம்ளரைச் சுவரில் எறிந்தார்.

சத்தியமங்கலத்திலிருந்து அண்ணன் அர்த்தநாரி போன் செய்தான். பன்னிரண்டாம் தேதி இவரைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். மாத்திரையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நேரில் பார்க்காமல் முடியாது என்கிறார் டாக்டர்.

"இன்னொருக்கா அந்த மனுசனைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டுத் திம்பம் மலை ரோட்டுல வண்டி ஓட்டறேன்னு மட்டும் சொல்லாத. தாளவாடிய விட்டுட்டு இங்க கீழ வந்துரு. இல்லீன்னா இந்த மாதிரி ஆளுகளப் பாத்துக்கற ஹோம்ல சேத்தலாம். ரெண்டுல ஒண்ணு."

"மூணாவது ஒண்ணு இருக்குதுண்ணா. செஞ்சுட்டுச் சொல்றேன்."

என் மணிக்கட்டு வீக்கம் வற்றிவிட்டதா என்று கேட்டான். வற்றிவிட்டது என்றேன். ஆஸ்பத்திரிக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றுதான் அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

போன ஆடி மாதம் ஆசனூருக்கு அருகே யானை குறுக்கே வந்தது. இவர் பிரேக் அடித்தார். யானை பாட்டுக்குப் போய்விட்டது. பின்னால் கிடந்த, போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் முன்னால் வந்து, சீட்டைத் தாண்டி, இவர் பின்மண்டையில் இடித்தது. இருபது வருடமாக இதே ஜீப்பில் இதே மாதிரிதான் மோட்டார் ஏற்றினார். ஒரு கயிறு கட்டுவார். அன்றும் கட்டித்தான் இருந்தார்.

கை கால் எல்லாம் சரியாகிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. ஆனால் நினைத்ததை நினைத்த நொடியில் செய்துவிடுகிறார். எந்த வண்டியில் ஏறினாலும் அதை ஓட்டுவது தான்தான் என்று நினைக்கிறார். பஸ்ஸில் போனால் டிரைவர் தோளைத் தட்டி, "எந்திரி, நான் பாத்துக்கறேன்" என்கிறார். வாடகைக்கு வந்த டிரைவர்கள் ஒருமுறைக்கு மேல் வருவதில்லை. கடைசியாக வந்தவரின் சட்டைக் காலர் கிழிந்துவிட்டது. அண்ணன் கூட வரலாம் என்றால், இடுப்பு மூட்டு மாற்றிவிட்டு இப்போதுதான் கம்பு ஊன்றி நடக்கிறான்.

அதனால் நான் ஓட்டுகிறேன். போன முறை, இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "தப்பா ஒடிக்கற, உடு" என்றார். நான் விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். முன்சக்கரம் தடுப்புச் சுவரில் உரசி நின்றது.

வேறு யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 5, புதன்

எங்கள் மோட்டார் கடையை மதியம் மூடிவிட்டு மாதேஷின் வெல்டிங் பட்டறைக்கு ஜீப்பைக் கொண்டு போனேன். முன் சீட்டுக்குப் பின்னால், தரையிலிருந்து கூரை வரை, இரும்புத் தடுப்பு ஒன்று போட வேண்டும் என்றேன்.

மாதேஷ் வாய் ஓயாத ஆள். அளவு டேப்பை இழுத்துக்கொண்டே, "இதை அண்ணன் நல்லா இருந்தப்பவே போட்டிருக்கணும்க்கா. நான் சொன்னேன். எம்பேச்ச யாரு கேக்கறா, எம்பொண்டாட்டியே கேக்கறதில்ல" என்றான்.

"இப்பவாவது போடு."

"எதுக்குக்கா? மோட்டாருக்குத்தானே?"

"ஆமா. மோட்டாருக்குத்தான்."

எவ்வளவு எடை வந்து மோதும் என்று கேட்டான். எழுபது கிலோ இருக்கும் என்றேன். கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று கேட்டான்.

"கை நுழையக் கூடாது" என்றேன்.

டேப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "மோட்டாருக்கு ஏதுக்கா கை?"

காதில் விழாததுபோல ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தேன். பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

"ஸ்பேனர், குறடு, பைப் துண்டு எல்லாம் கெடக்குமில்ல. அது வரக்கூடாது."

"அதச் சொல்லுங்க! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

தலமலையிலிருந்து ஒருவர் போர்வெல் ஆழம், குழாய் தூரம் எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். நான் கணக்குப் போட்டு, அவர் கேட்டதைவிடச் சின்ன மோட்டாரே போதும் என்றேன். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு இருபது வருடம் இந்தக் கடையில் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது கம்பெனிக்காரர்கள் என்னிடமே பேசுகிறார்கள். தோட்டத்துக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தலமலைக்காரர் போகும்போது, "அண்ணன் இருந்தா பெருசத்தான் தலையில கட்டுவாரு" என்றார். அவர் இருக்கிறார், பின்னறையில் தூங்குகிறார் என்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

அண்ணன் 'கீழ வந்துரு' என்று சொல்லும்போதெல்லாம், இவருக்குப் பழகிய இடத்தை விட்டுப் பெயர்த்தால் தாங்க மாட்டார் என்று பதில் சொல்கிறேன். அது உண்மைதான்.

பிப்ரவரி 7, வெள்ளி

"ஆய்த்து அக்கா!" என்று போன் செய்தான் மாதேஷ். முடிந்துவிட்டதாம். மாலையில் போனேன்.

கறுப்புப் பெயின்ட் அடித்து, தரையில் நான்கு போல்ட், இரண்டு பக்கத் தூணிலும் போல்ட் போட்டு, கட்டம் கட்டமாக வலை. மாதேஷ் தன் முழு எடையையும் போட்டு முதுகால் இடித்துக் காட்டினான். ஒரு சத்தமும் இல்லை.

"இன்னொரு வேலையும் நானே பண்ணிட்டேன். இதுக்குக் காசு ஒண்ணும் வேண்டாம்" என்று பின்கதவைக் காட்டினான். உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டிருந்தான். மோட்டார் உருண்டு வந்து கைப்பிடியில் தட்டினால் கதவு திறந்துகொள்ளுமாம். பூட்டு இப்போது வெளிப்பக்கம் மட்டும். ஜீப் சாவியேதான் அதற்கும்.

"உள்ள இருந்து யாரு தொறக்கப் போறா?" என்றான்.

நான் பூட்டிப் பார்த்தேன். திறந்து பார்த்தேன். மறுபடி பூட்டினேன். நல்லா இருக்குது மாதேஷ் என்றேன்.

யோசித்துப் பார்த்தால் நல்லதுதான். சிக்னலில் நிற்கும்போது இவர் இறங்கி ஓடமுடியாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒத்திகை. பின்னால் இருக்கும் நீள பெஞ்சில் மெத்தை விரித்து, "இங்க உக்காருங்க, கால நீட்டிக்கலாம்" என்றேன். ஏறிக்கொண்டார். வலையை விரல்களால் தடவிப் பார்த்தார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார்.

"யாரு பண்ணினது?"

"மாதேஷ்."

"வெல்டு நல்லா விட்டிருக்கறான்."

ஆசனூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். கியர் மாற்றும்போது என் கையைப் பிடிக்க யாருமில்லை. ஓட்டுகிறேன் என்பதே மறந்து ஓட்டினேன். பாதி வழியில் அவர் தண்ணீர் கேட்டார். பாட்டிலை நீட்டினேன், வலையில் நுழையவில்லை. நிறுத்தி, இறங்கி, சுற்றிப் போய், பூட்டைத் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "டாங்க்ஸுங் அம்மணி" என்றார், வழியில் யாரோ கொடுத்த மாதிரி.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாவி இன்று உளுந்து டப்பாவில். இரண்டு வேளையும் சாப்பிடவில்லை, நான்.

பிப்ரவரி 12, புதன்

நல்லபடியாகப் போய் வந்தோம். இறக்கத்தில் முன்போலக் கத்தவில்லை. பின்கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். முன்னேற்றம் தெரிகிறது, இதே மாத்திரை தொடரட்டும் என்றார் டாக்டர். திரும்பும்போது வளைவில் ஒரு லாரி நின்று, கொஞ்சம் பின்னால் வந்தது. பிறகு நின்றுவிட்டது. ஜீப்பில் கீறல்கூட இல்லை.

இருட்டுவதற்குள் வீடு.

பிப்ரவரி 13, வியாழன்

அண்ணனிடம் தடுப்பைப் பற்றிச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். "அட, இது நல்ல யோசனையா இருக்குதே. ஏன் எனக்குத் தோணல? அப்ப இனிமே ஹோமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ உன்ற கடையப் பாரு" என்றான். ஆறு மாதமாக அவன் வாயிலிருந்து வரவழைக்க நான் பாடுபட்ட வார்த்தை.

சரிண்ணா என்று போனை வைத்தேன்.

மத்தியானம் மாதேஷ் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவனிடம் பேச்சே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"பஸ் கண்டக்டர் சொன்னான்" என்றான்.

நான் ரசீதுகளை அடுக்கினேன்.

"நான் மோட்டாருக்குப் பண்ணினேன்க்கா. மனுசனுக்குப் பண்ணல. சொல்லியிருந்தா அந்தக் கைப்பிடியக் கழட்டியிருப்பேனா? அந்த லாரி வந்து இடிச்சிருந்தா யாருக்கா பதில் சொல்றது? எம்பேருதானே வரும், மாதேஷ் பூட்டின பூட்டுன்னு?"

"ஒண்ணும் ஆகலயே மாதேஷ்."

"ஆகலதான்." சாவிக்குக் கையை நீட்டினான். "வண்டியக் குடுங்க. இப்பவே உள்கைப்பிடி போட்டுத் தர்றேன். வலையிலயும் ஒரு ஆளு வெளிய வர்ற மாதிரி சின்னக் கதவு வெச்சு, உங்க பக்கம் கொக்கி போடறேன். நீங்க முன்னாடி இருந்தே தொறக்கலாம்."

சாவியைக் கொடுத்தேன். மாலையில் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். சொன்ன மாதிரியே செய்திருந்தான். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

புதன்கிழமை நடந்ததை எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பண்ணாரி செக்போஸ்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தோம். பாதி மலையில், வளைவின் நடுவில், தீவன மூட்டை ஏற்றிய லாரி ஒன்று திணறி நின்றுவிட்டது. அதன் பின்னால் நான். எனக்குப் பின்னால் மைசூர் பஸ். ஏற்றம் செங்குத்தாக இருந்த இடம். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், எஞ்சினை அணைத்தேன், சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். இவர் இருக்கும் வண்டியில் சாவியை விடக்கூடாது என்பது கைக்கே பழகிவிட்டது.

லாரி கிளீனர் கல் தேடி இறங்கினான். அவன் கல்லை எடுப்பதற்குள் லாரி பின்னால் நகர்ந்தது. முதலில் மெதுவாக. அப்புறம் மெதுவாக இல்லை. பஸ்ஸில் எல்லாரும் கத்தினார்கள். மூட்டைகளுக்கு மேல் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் என் கண்ணாடி முழுவதையும் அடைத்தது.

நான் இறங்கியிருந்தேன். தடுப்புச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. ஒரு செருப்பு ஜீப்புக்குள்ளேயே கிடந்தது.

பஸ் கண்டக்டர்தான் ஓடிவந்தார். பின்கதவைப் பிடித்து இழுத்தார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்து, கைப்பிடியைக் காணாமல் அதில் அறைந்தார்.

"உள்ள ஆளு இருக்குது! அக்கா, பூட்டியிருக்குது! சாவி எங்கக்கா? சாவி!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். அவர் யாரிடம் கேட்கிறார் என்பதுபோல நின்றேன்.

லாரி நின்றது. கிளீனர் கல்லைப் போட்டானா, டிரைவர் கியரில் பிடித்தாரா, தெரியாது. அதன் பின்பலகைக்கும் என் பானெட்டுக்கும் நடுவே ஒரு ஆள் குறுக்காக நுழையலாம், அவ்வளவுதான்.

கண்டக்டர் வந்து என் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தார். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கதவைத் திறந்தபோது இவர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். "பதட்டப்படாதீங்க தம்பி, அவ ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் எறங்கினா" என்றாராம்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "பயத்துல கையும் காலும் ஓடாது கண்ணு. ஆருக்கா இருந்தாலும் அப்பிடித்தான்" என்றார்.

கால் ஓடியது. அதைத்தான் அந்த அம்மாவிடம் சொல்ல நினைத்தேன்.

பிப்ரவரி 15, சனி

சென்னையிலிருந்து தர்ஷிகா பேசினாள். பரீட்சை இருப்பதால் லாரி விஷயத்தை மகளிடம் சொல்லவேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இவர் போனை எடுத்துவிட்டார்.

"உங்கம்மா அன்னிக்கு நல்லாக் குதிச்சா, கண்ணு" என்று அவர் சொல்வது சமையலறைவரை கேட்டது. "முன்னாடி வண்டி உருண்டு வந்துச்சுன்னா யோசிக்கவே கூடாது, கதவத் தொறந்து மலைப் பக்கமாக் குதிச்சரணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவளுக்கு ஓட்டப் பழகிக் குடுத்தப்பவே சொன்னேன். மறக்காம வெச்சிருந்தா பாரு. நான் உள்ள இருந்து பாத்துட்டேதான் இருந்தேன்."

"நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

"நான் பின்னாடி."

"நீங்க குதிக்கலயா?"

"எனக்குக் கதவு இல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. எனக்குச் சர்க்கரை இல்லை என்பதுபோலச் சொன்னார்.

தர்ஷிகா என்னிடம் கொடுக்கச் சொன்னாள். கை ஈரம், அப்புறம் பேசுகிறேன் என்றேன். அப்புறமும் பேசவில்லை.

அவர் சொன்னது சரி. மலைப் பக்கமாகக் குதிக்கச் சொல்லித்தான் பழக்கினார். நான் நின்றது பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவரோரம். என் கதவு திறப்பது மலைப் பக்கம்; பள்ளத்துப் பக்கம் போக ஜீப்பின் பின்புறமாகச் சுற்ற வேண்டும். பின்கதவைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. துணி துவைத்தேன். இவருக்குச் சவரம் செய்துவிட்டேன். கன்னத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாதேஷ் காலையில் வந்து தடுப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டான். கொங்கள்ளியில் ஒருவர் வலிப்பு வரும் மகளை இப்படி ஜீப்பில் கூட்டிப்போகக் கேட்டிருக்கிறாராம். "உங்க மாடல்னுதான் சொல்லப் போறேன்" என்றான். கோபம் போய்விட்டது அவனுக்கு. இரண்டு நாளைக்கு மேல் அவனால் பேசாமல் இருக்க முடியாது.

பதினோரு மணிக்கு ஒரு விவசாயி வந்தார். சித்திரைக்குள் புது போர்வெல் போடப் போகிறார், மோட்டாரை நாமே இறக்கித் தரவேண்டும் என்றார். ஆழத்தை எழுதிக்கொண்டேன். கணக்குப் போட்டேன். எந்த மோட்டார் வேண்டும் என்று தாளில் எழுதி அவரிடமே நீட்டி, சாம்ராஜ்நகரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஸ்டாக் இல்லீங்களா?"

"சித்திரைக்கு இருக்காதுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் முடிவு செய்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

இந்த வாரத்தோடு கடையை மூடிவிடுவேன். சத்தியமங்கலத்தில் தரைத்தளமாக ஒரு வீடு பார்ப்பேன், கிடைக்கும்வரை அண்ணன் வீடு. அங்கிருந்து கோயம்புத்தூருக்குச் சமதரைச் சாலை. ஆள் வைத்து ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் இவர் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொள்ளலாம். இந்த ஊரை விட்டால் இவர் சில மாதம் தடுமாறுவார். நான் எத்தனை மாதம் என்று தெரியவில்லை.

இப்போது போய் அண்ணனிடம் சொன்னால் ஏன் என்பான். தடுப்பு இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, டாக்டரே நல்லா இருக்கிறது என்கிறார், அப்புறம் என்ன என்பான். அவன் கேட்பது நியாயம். லாரி இன்னொரு முறை உருளும் என்று நான் பயப்படவில்லை. உருண்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்லவில்லை. தர்ஷிகாவிடம் சொல்லவில்லை.

மாலையில் இவர் வாளியும் துணியும் எடுத்து, பின்கதவைத் திறந்து, தான் உட்காரும் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, அடுத்து எப்பத் திம்பம் எறங்கறோம்?"

"அடுத்த வாரமுங்க" என்றேன்.

இறங்குவது மட்டும்தான் என்று அவரிடமும் சொல்லவில்லை.